தோழியின் அறை

ஜனவரி 21

மருமகளுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்பதற்குத்தான் இந்தக் கடிதமே. அதனால் அதைக் கடைசியில் கேட்கிறேன்.

வீட்டு முகவரிக்கு எழுதாமல் கடை முகவரிக்கு எழுதுகிறேன். நீ கொடுத்த மூக்குக்கண்ணாடிக் கூட்டின் உள்பக்கம் உங்கள் கடையின் பெயரும் தெருவும் அச்சடித்திருக்கிறது. பார்த்துப் பார்த்து எழுதினேன். ஒரு எழுத்து தப்பினாலும் கடிதம் வேறு கண்டத்துக்குப் போய்விடும் என்று தபால் அலுவலகத்தில் பயமுறுத்தினார்கள்.

போனில் பேசலாமே என்பாய். பேச முடியாது. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு உன் அத்தை ஹால் சோபாவில்தான் வாசம். போன் அவள் தலைமாட்டில். எது வந்தாலும் ஸ்பீக்கர். எனக்கு வரும் பென்ஷன் ஆபீஸ் அழைப்பைக்கூட அவள்தான் முதலில் விசாரிக்கிறாள்.

நான் ஊர் திரும்பியதிலிருந்து அவளுக்கு ஒரே கேள்வி. நீ என்னை ஊர் சுற்றிக் காட்டிய அந்த நாளைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிறாள். பனி எப்படி இருந்தது என்று கேட்டாள். ஃப்ரிட்ஜின் மேல் அறையைத் துடைக்காமல் விட்டால் எப்படி இருக்குமோ, ஊரே அப்படி இருந்தது என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. டிராம் வண்டி, கோபுரம், உறைந்துபோன ஆறு, அதில் மாட்டிக்கொண்டு நின்ற படகுகள், செடி வளர்க்கும் கண்ணாடி மாளிகை, எல்லாம் சொல்லிவிட்டேன். ஒன்றைத் தவிர.

முதலிலிருந்து வருகிறேன். அன்று உன் புருஷனுக்குக் கிடங்கில் லீவு கிடைக்கவில்லை. ‘அவ கூட்டிட்டுப் போவாப்பா’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவனுடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். சர்க்கஸ் கரடி ஒன்று ஓய்வுபெற்று நின்றது. நீ சிரிக்காமல் பொத்தானைப் போட்டுவிட்டாய்.

கோபுரத்தில் நீ வெளியே பார்க்கச் சொன்னாய். நான் லிஃப்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பாக நினைக்காதே. வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பழுதுபார்த்தவனை அவ்வளவு உயரத்துக்கு ஒரு லிஃப்ட் ஒரு குலுக்கல் இல்லாமல் தூக்கிக்கொண்டு போனால் அவன் ஊரையா பார்ப்பான்? நீ மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாய். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. போகலாமா என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

கீழே அந்தச் சதுக்கத்தில்தான் என் ஷூ வாயைப் பிளந்தது. எந்தப் பனிக்கும் தாங்கும் என்று இங்கே கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்தது. அவர் பனியைப் பார்த்திருந்தால்தானே. உருகிய பனித்தண்ணீர் உள்ளே போய்ச் சாக்ஸ் ஊறி, கால்விரல்கள் என்னுடையவை இல்லை என்று ஆகிவிட்டது. உன்னிடம் சொல்லவில்லை. நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாய். உன் புருஷன் வீட்டுக்கு டிராமில் வெகுதூரம். நீ தெருவின் இந்தப் பக்கம் பார்த்தாய், அந்தப் பக்கம் பார்த்தாய். பிறகு சொன்னாய்: “என் ஃபிரெண்டோட ரூம் பக்கத்துலதான் இருக்கு மாமா. அவ ஊர்ல இல்ல. சாவி என்கிட்ட இருக்கு.”

மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லாத கட்டடம், என் பரம்பரை எதிரி. நீ முன்னால் ஏறினாய். பூட்டைப் பார்க்காமலே சாவியைப் போட்டாய். கதவு அடியில் பிடிக்கிறது. முட்டியால் ஒரு தூக்குத் தூக்கித் தள்ளினாய். இருட்டில் உன் கை நேராக ஸ்விட்சுக்குப் போனது. என் மகன் வீட்டில் நான் இருந்த நாளெல்லாம், நீ ஸ்பூன் எடுக்க ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாய். இங்கே வெந்நீர் வைத்தாய், பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாய், துண்டை எடுத்தாய், ஒன்றுக்கும் தேடவில்லை.

காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் தலையணை. அதன் உறை என் பழைய வேலைச் சட்டை. உன் அத்தை என் நீலச் சட்டைகளை வெட்டித் தலையணை உறை தைப்பாள். சட்டை முழுக்க வெளுத்திருக்கும். பை இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் கட்டமாகத் தெரியும். அந்தக் கட்டம் எனக்கு நேராக இருந்தது.

நான் டீயைக் குடித்தேன். உன்னுடைய பூப்போட்ட சாக்ஸைப் போட்டுக்கொண்டேன். நீ ஷூவுக்குள் பிளாஸ்டிக் பையைச் சொருகிக் கொடுத்தாய். அதோடு வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். நீதான், கண்ணாடி மாளிகை வெதுவெதுப்பாக இருக்கும், காலுக்கும் நல்லது என்றாய்.

உள்ளே நுழைந்ததும் என் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. எதிரில் நீ ஒரு கறுப்பு உருவம், அவ்வளவுதான். அந்தத் தைரியத்தில்தான் கேட்டேன்.

“உன் ஃபிரெண்டு நல்லா இருக்காளா?”

“இருக்கா மாமா.”

“தனியாவா?”

உன் காலடிச் சத்தம் இரண்டு அடி தள்ளிப் போனது.

“ஆமா. தனியாத்தான்.”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டபோது நீ ஏதோ பெரிய இலைக்குப் பின்னால் நின்று பெயர்ப்பலகை படித்துக்கொண்டிருந்தாய்.

உன் அத்தையிடம், ஷூ நனைந்ததால் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம் என்று சொல்லியிருக்கிறேன். ‘போய்ப் பாத்துட்டு வாங்க, போன்ல ரெண்டு பேர் குரலும் ஒரு மாதிரி இருக்கு’ என்று, தன் தங்கையைத் துணைக்கு வைத்துக்கொண்டு என்னை அனுப்பியவள் அவள். பார்த்துவிட்டு வந்தேன். நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது கேட்கிறேன். நீ நலமா?

மாமா


பிப்ரவரி 8

மாமா,

கல்லாவில் இருப்பவர் உங்கள் கடிதத்தை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டித்தான் கொடுத்தார். இந்தக் கடைக்கு லென்ஸ் கம்பெனியிலிருந்து தவிர வேறு கடிதம் வந்ததில்லை. மத்தியானம் பின்னறையில், லென்ஸ் அறுக்கும் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன்.

நலம். அறை என்னுடையது. போன கோடையிலிருந்து அங்கேதான் இருக்கிறேன்.

நீங்கள் வருவது உறுதியானதும் உங்கள் மகன் கடைக்கு வந்தார். அம்மாவுக்கு இப்போதுதான் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, அப்பா இருக்கும் வரை மட்டும் வீட்டில் வந்து இரு என்று கேட்டார். முதலில் முடியாது என்றேன். பிறகு, ஆபரேஷனுக்கு உள்ளே போவதற்கு முன்னால் அத்தை எனக்குப் போன் செய்தது ஞாபகம் வந்தது. ‘உன் குரலையும் கேட்டுட்டுப் போயிடறேன்’ என்றார்கள். நான் நன்றாக இருக்கிறேன் அத்தை என்று அப்போதே ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. அதற்கு மேல் சில நாள்தானே என்று ஒரு பெட்டியோடு போனேன். நீங்கள் இருந்தபோது அவர் ஹாலில் படுத்ததற்கு முதுகுவலி காரணமில்லை. நீங்கள் தைலம் தேய்த்துவிடப் போனீர்கள். அவரும் முதுகைக் காட்டினார். அதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

நீங்கள் எழுதியதில் ஒரு திருத்தம் உண்டு. சதுக்கத்தில் நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது வழி தெரியாமல் இல்லை. உங்கள் காலா, எங்கள் பொய்யா என்று பார்த்தேன். உங்கள் உதடு நீலமாகிவிட்டது. அதற்குப் பிறகு யோசிக்கவில்லை. ஃபிரெண்டு என்ற சொல் அங்கேயே எப்படியோ வாயில் வந்தது. அந்தத் தலையணையை எடுத்து மறைக்கத் தோன்றவில்லை. அது உங்கள் சட்டை என்றே எனக்குத் தெரியாது. அத்தை கொடுத்தது என்று மட்டும்தான் தெரியும். வீட்டை விட்டு வந்தபோது அதிகம் எடுத்து வரவில்லை. அதை எடுத்து வந்தேன். நேற்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பையைச் சுற்றி இருந்த தையலின் ஊசித் துளைகள்கூடத் தெரிகின்றன.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். கண்ணாடி மாளிகையில் நான் பதில் சொல்லிவிட்டேன். உங்களுக்கும் புரிந்துவிட்டது. மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, ‘உங்களைப் பாத்ததுல மனசு நெறஞ்சு போச்சு’ என்றீர்கள். உங்கள் மகன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். எனக்கு அன்று முழுக்கக் கோபம். யாருக்காகச் சொன்னீர்கள்? அவருக்காகவா, எனக்காகவா? எங்கள் மூன்று பேரில் நன்றாக நடித்தது நீங்கள்தான்.

காரணம் கேட்காதீர்கள். அடி இல்லை, குடி இல்லை, வேறு யாரும் இல்லை. அவர் கெட்டவர் இல்லை. நானும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

சாக்ஸைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

மருமகள் என்று கையெழுத்துப் போடலாமா தெரியவில்லை. அதனால் போடவில்லை.


பிப்ரவரி 25

மருமகளுக்கு,

நீ கையெழுத்துப் போடாவிட்டாலும் நான் இப்படித்தான் தொடங்குவேன். அது என் உரிமை.

மேஜையில் நான் சொன்னது யாருக்காக என்று கேட்டிருக்கிறாய். நானும் யோசித்துப் பார்த்தேன். திரும்பி வந்து உன் அத்தையிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன் என்று வைத்துக்கொள்.

இப்போது என் முறை. அடி இல்லை, குடி இல்லை, வேறு யாரும் இல்லை. அப்படியானால் என்னதான் இருந்தது? லிஃப்ட் நின்றுவிட்டது என்று எனக்கு அழைப்பு வரும். பதறியடித்துக்கொண்டு போனால் மோட்டார் நன்றாக இருக்கும், கம்பிவடம் நன்றாக இருக்கும். யாரோ கதவைச் சரியாகச் சாத்தியிருக்க மாட்டார்கள். பாதிப் பழுது அவ்வளவுதான். கதவைச் சாத்தினால் வண்டி கிளம்பிவிடும். இதற்கெல்லாம் கட்டடத்தையே காலி செய்துகொண்டு போவார்களா?

உன் அத்தை முட்டிக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது அவனுக்குப் போன் போட்டேன். எல்லாம் தெரியும் என்றேன். ‘அம்மாவுக்குக் கால் சரியாகட்டும்பா, நானே சொல்றேன்’ என்றான். யார் மேல் தப்பு என்று கேட்டேன். ‘என் மேலதான்’ என்றான். என்ன தப்பு என்றேன். சின்ன வயதில் பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்தபோதும் இப்படித்தான். ஒத்துக்கொள்வான், விவரம் சொல்ல மாட்டான்.

இங்கே நிலைமை வேறு மாதிரி போய்க்கொண்டிருக்கிறது. நான் வந்து எல்லாம் நலம் என்று சொன்னேன் அல்லவா, அதை நம்பி உன் அத்தை தையல் மெஷினைத் துடைத்து வைத்திருக்கிறாள். டாக்டர் ரொம்ப நேரம் உட்காரக் கூடாது என்றிருக்கிறார். உட்காருகிறாள். உள்ளங்கை அகலத்துக்குத் தலையணைகள், நாலு பக்கமும் குஞ்சம் வைத்த சின்ன விரிப்பு. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மெஷின் ஓடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய்விடுகிறேன். இந்தத் தெருவில் என்னைப் போல் நடைப்பயிற்சி செய்பவர் இப்போது யாரும் இல்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். அவளுக்கு ஒரு கடிதம் எழுது. பெரிதாக ஒன்றும் வேண்டாம். குளிர் குறைந்துவிட்டது, வேலை அதிகம், இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்று நாலு வரி. அவள் நடக்க ஆரம்பிக்கும் வரை போதும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். நடந்த பிறகு எத்தனை பொய் சொல்லலாம் என்று யாரும் கணக்கு சொல்லி வைக்கவில்லை.

நீ கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம். இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் மனதில் வைத்துக்கொண்டு எழுதாமல் இருப்பதும் நடிப்புதானே.

மாமா


மார்ச் 12

மாமா,

அத்தைக்கு அந்தக் கடிதத்தை எழுத மாட்டேன்.

கதவைச் சாத்தினால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன நடந்தது என்று சொல்கிறேன். சொன்ன பிறகு நீங்களே பாருங்கள்.

உங்கள் மகன் வேலை முடிந்து வந்து காரைக் கீழே நிறுத்துவார். அதன் பிறகு இறங்க மாட்டார். நான் மேலே ஜன்னலிலிருந்து பார்ப்பேன். விளக்கை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதலில் யாரோடோ போன் பேசுகிறார் என்று நினைத்தேன். போனில் இல்லை. பாட்டுக் கேட்கவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரம் கழித்து மேலே வந்து, சாப்பிட்டாயா என்று கேட்பார், நன்றாகத்தான் பேசுவார். குளிர்காலம் வந்தபோது, காருக்குள்ளும் அவ்வளவு குளிர், அப்போதும் உட்கார்ந்திருந்தார்.

ஒரு நாள் நான் இறங்கிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தேன். ஏன் மேலே வரவில்லை என்று கேட்டேன். சண்டை போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டேன். அவரும் சாதாரணமாகத்தான் சொன்னார்.

“மேல வந்தா நீ இருப்ப.”

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. முகத்தைப் பார்த்தேன், பாவமாக இருந்தது. அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று பிறகு எவ்வளவோ சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும், அதுதான் கஷ்டம். ஒரு மனுஷன் தன் வீட்டுக்குள் வர முடியாமல் குளிரில் உட்கார்ந்திருக்கிறார், அதற்குக் காரணம் நான் உள்ளே இருப்பது. நான் என்ன குற்றம் செய்தேன் என்று கேட்டால் அவரிடமும் பதில் இல்லை. நான் வெளியே வந்தால் அவர் உள்ளே போகலாம். வந்துவிட்டேன். இதில் எந்தக் கதவை யார் சாத்துவது?

பொறுத்துப் போவது பற்றி. நீங்கள் லிஃப்ட் சொன்னீர்கள். நான் கண்ணாடி சொல்கிறேன். எங்கள் கடைக்குத் தப்பான பவரில் வருஷக்கணக்காக ஓட்டியவர்கள் வருவார்கள். சரியானதைப் போட்டுவிட்டால் தலை சுற்றுகிறது, தரை மேடு பள்ளமாகத் தெரிகிறது என்று கோபித்துக்கொண்டு பழையதையே மாட்டிக்கொண்டு போவார்கள். அவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன். எனக்கு அது முடியவில்லை.

அத்தையிடம் நீங்கள் சொல்லுங்கள். இன்னும் எத்தனை சின்னத் தலையணை தைத்த பிறகு சொல்வீர்கள்? நீங்கள் சொல்லாவிட்டால் நான் போன் செய்து சொல்வேன். ஸ்பீக்கரில்தானே இருக்கும், நீங்களும் கேட்கலாம்.

கோபமாக முடிக்க மனமில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன். அன்று கோபுரத்தில் நான் நெடுநேரம் நின்றேன் என்று எழுதியிருந்தீர்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அந்தக் கோபுரத்தை டிராம் ஜன்னலில் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். அடுத்த லீவுக்குப் போகலாம் என்று அவர் சொல்வார், நானும் சொல்வேன். அன்றுதான் முதல் முறையாக ஏறினேன். ஆறும் கண்ணாடி மாளிகையும்கூட அப்படித்தான். வழியெல்லாம் முந்தின நாள் கடையில் இருக்கும் பெண்ணிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். எனக்கு இந்த ஊரைச் சுற்றிக் காட்டியது நீங்கள்தான்.


ஏப்ரல் 4

மருமகளுக்கு,

சொல்லிவிட்டேன்.

மத்தியானம். அவள் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். நூல் அறுந்துவிட்டது, கோத்துத் தரச் சொன்னாள். ஊசியைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் என்றைக்கும் எனக்கு இருந்ததில்லை போலிருக்கிறது. உன்னிடம் கேட்கக்கூட ஆவி படிந்த கண்ணாடி வேண்டியிருந்தது.

அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் துணியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“கோபுரம் பாத்த அன்னிக்கு.”

“அப்ப நீங்க வந்து சொன்னதெல்லாம்?”

“கோபுரம் நிஜம்” என்றேன்.

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அதனால் கதவிடம் பேசுகிறாள். ‘சாப்பாடு மேஜையில இருக்குன்னு சொல்லு’ என்று கதவுக்கு உத்தரவு போடுகிறாள். நானும் ‘சரின்னு சொல்லு’ என்று அதே கதவிடம் சொல்லி அனுப்புகிறேன். எங்கள் வீட்டுக் கதவு இத்தனை நாள் இவ்வளவு வேலை செய்ததில்லை.

மகனுக்கு அவளே போன் செய்தாள். வழக்கம்போல ஸ்பீக்கர். அவன் ஏதோ, உனக்காகத்தாம்மா மறைச்சோம் என்று ஆரம்பித்தான். முடிக்க விடவில்லை. “எனக்கு ஆபரேஷன் முட்டியிலடா, மூளையில இல்ல” என்றாள். அப்புறம் இருவரும் நிறைய நேரம் பேசினார்கள். நான் எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது ‘அழாதடா’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் போனைக் காதில் வைத்து, ஸ்பீக்கரை நிறுத்தியிருந்தாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

காரில் உட்கார்ந்திருந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. அது நீ எனக்கு எழுதியது. அவனே சொல்லியிருப்பான் என்று நினைக்கிறேன். என்னாலும் அதை விட்டு வெளியே வர முடியவில்லை. இரும்பை நம்பிப் பிழைத்தவன் நான், எது கெட்டாலும் ஏதோ ஒரு பாகம் தேய்ந்திருக்கும், அதை மாற்றலாம் என்றுதான் பழக்கம். நீ எழுதியதை எத்தனை முறை படித்தும் தேய்ந்த பாகம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பொறுத்துப் போ என்று நான் எழுதிய வரியை, கடிதத்தை வைத்திருந்தால், அடித்துவிடு.

உன் மேலும் அவளுக்கு வருத்தம் இருக்கிறது. மறைக்கவில்லை. ‘ஆபரேஷனுக்கு முன்னாடி என்கிட்ட நல்லா இருக்கேன்னு சொன்னாளே’ என்று கதவிடம் நாலைந்து முறை சொல்லிவிட்டாள். இன்னும் போகும் என்று நினைக்கிறேன். ஆனால் நேற்று, மூன்றாவது மாடியில் காற்று வருமா, ஜன்னல் எந்தப் பக்கம், தண்ணீர் வெந்நீராக வருகிறதா என்று கதவு என்னைக் கேட்டது. தெரிந்ததைச் சொன்னேன்.

சின்னத் தலையணைகள் என்ன ஆயின என்று கேட்க மாட்டாய். நானே சொல்கிறேன். ஒன்றை முட்டிக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள். சரியான உயரம் என்கிறாள். மற்றதை எங்கேயோ வைத்துவிட்டாள், பார்க்கவில்லை.

நீ பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இனி எழுதுவது முறையா என்று உனக்குத் தோன்றலாம். எழுதினால் படிக்க இங்கே ஒரு ஆள் உண்டு.

மாமா


டிசம்பர் 2

மாமா,

நடுவில் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாமல் இல்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஒரு முறை ‘ஐயா’ என்று எழுதிப் பார்த்தேன். மின்சார வாரியத்துக்கு மனுப் போடுவது போல இருந்தது. கிழித்துவிட்டேன்.

போன வாரம் கையெழுத்துப் போட்டோம். உங்கள் மகன் சொல்லியிருப்பார். அலுவலகத்தில் அதிக நேரம் ஆகவில்லை. அங்கிருந்த அம்மாள் எங்கே கையெழுத்து என்று விரலால் காட்டிக்கொண்டே வந்தார், நாங்கள் மாறி மாறிப் போட்டோம். என் பேனா எழுதவில்லை. உங்கள் மகன் தன்னுடையதைக் கொடுத்தார். திருப்பிக் கொடுக்க மறந்து வெளியே வந்துவிட்டேன், அவரும் கேட்கவில்லை. படியில்தான் ஞாபகம் வந்து கொடுத்தேன்.

வெளியே இந்த வருஷத்தின் முதல் பனி. அவர் குடை கொண்டு வரவில்லை. டிராம் நிறுத்தம் வரை என் குடையில் வந்தார். நீங்கள் பயப்படுவது போலவோ ஆசைப்படுவது போலவோ ஒன்றும் நடக்கவில்லை. அத்தை இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறார்கள் என்றார். தெரியாதே, நல்லது என்றேன். இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் நேராக மேலே போய்விடுகிறாராம். அதை என்னிடம் சொல்லலாமா என்று யோசித்துவிட்டுத்தான் சொன்னார். எனக்கு வலிக்கும் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் வலித்தது. அவ்வளவு குளிரில் இனி அங்கே உட்கார வேண்டாம் என்றும் இருந்தது. அவருடைய டிராம் முதலில் வந்தது.

இதையெல்லாம் சொல்லத்தான் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். வேறு விஷயம். நேற்று அத்தை கடைக்குப் போன் செய்தார்கள்.

நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா, தெரியவில்லை. ஸ்பீக்கர் சத்தம் கேட்கவில்லை. நான் ஒருவருக்குக் கண்ணாடி மாட்டி, காதுப் பக்கம் சரியாக உட்காருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லாவில் இருப்பவர் போனை நீட்டினார். விஷயம் தெரிந்த பிறகு அத்தையின் குரலை நான் கேட்கவில்லை. வேலையாக இருக்கிறாயா என்றார்கள். இல்லை அத்தை என்றேன். அத்தை என்று வந்துவிட்டது.

“கையெழுத்து ஆயிடுச்சாமே” என்றார்கள். ஆமாம் என்றேன். திட்டப் போகிறார்கள் என்று காத்திருந்தேன்.

“நான் இனிமே உன்னை என்னன்னு கூப்பிடறது?”

“பழைய மாதிரியே கூப்பிடுங்க அத்தை.”

“பழைய மாதிரின்னா? உன்னை நான் பேர் சொல்லிக்கூட கூப்பிட்டதில்லையே. ஏம்மான்னுதான கூப்பிடுவேன்.”

“அதுவே போதும்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கண்ணாடி வாங்க வந்தவர் அதை ஒரு பக்கம் மட்டும் காதில் மாட்டியபடி கழுத்தைச் சாய்த்துக்கொண்டு எனக்காக நின்றுகொண்டிருந்தார்.

“சரி ஏம்மா” என்றார்கள். “சாப்பிட்டியா?”

மணி மூன்றாகியிருந்தது. காலையிலிருந்து கூட்டம், ஒன்றும் சாப்பிடவில்லை. சாப்பிட்டேன் அத்தை என்று சொன்னேன். இந்த ஒன்றை மட்டும் நீங்கள் அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள் மாமா.

மருமகள்